மூன்று புள்ளி, மைனஸ் ஒன்று

கேப் வெர்டேயின் மக்கள்தொகை ஏறக்குறைய 5.25 லட்சம். பரப்பு 4,033 சதுர கிலோமீட்டர். தீவுகள் 10, ஆள் குடியிருப்பவை 9. தலைநகர் பிரையாவில் சீன உதவியோடு கட்டிய தேசிய மைதானத்தில் 15,000 பேர் உட்காரலாம், அதாவது குடிமக்களில் 35 பேருக்கு ஓர் இருக்கை. 2025 அக்டோபர் 13 அன்று அந்த மைதானத்தில் எஸ்வாட்டினியை 3-0 என்று வென்று, சுதந்திரம் பெற்ற 50ஆவது ஆண்டில் இந்த நாடு முதல் முறையாகக் கால்பந்து உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. அதுவரை இதைவிடக் குறைந்த மக்கள்தொகையோடு உள்ளே வந்த நாடு ஒன்றே ஒன்று, 2018இல் ஐஸ்லாந்து. அடுத்த மாதமே 1.56 லட்சம் பேர் கொண்ட குராசோ தகுதி பெற்று இரண்டையும் முந்திக்கொண்டது.

குட்டித் தீவின் அதிசயம் என்று எழுதித் தள்ளினார்கள். தகுதிச் சுற்றின் கணக்கைப் பிரித்து வைத்துப் பார்த்தால் அதிசயம் எதுவும் கண்ணில் படவில்லை. 10 ஆட்டம், 7 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி, 23 புள்ளி. எட்டு உலகக் கோப்பைகளில் ஆடிய கேமரூன் அதே குரூப்பில் 19 புள்ளியோடு இரண்டாவதாக நின்றது. கேப் வெர்டே போட்ட கோல் 16, வாங்கியது 8. அந்த எட்டில் ஏழு, இரண்டே ஆட்டங்களில் வந்தவை: 2024 ஜூனில் கேமரூனிடம் 1-4, 2025 அக்டோபரில் லிபியாவோடு 3-3. அங்கோலாவில் ஒன்று. மீதி ஏழு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. ஏழு வெற்றிகளில் மூன்று 1-0, அவற்றில் ஒன்று 2025 செப்டம்பரில் கேமரூனை வீழ்த்திய ஆட்டம். கதவைச் சாத்திக்கொண்டு, கிடைத்த ஒரு வாய்ப்பை கோலாக்கி ஜெயிக்கும் அணி இது. ஆனால் கதவு ஒருமுறை திறந்தால் மூன்று நான்கு உள்ளே போய்விடுகின்றன. இந்த இரண்டாவது குணம்தான் எனக்குக் கவலை. காரணம் பின்னால் வரும்.

இந்த அணியை உருவாக்க ஆன செலவு யாருடையது என்பது தனிக் கணக்கு. உள்நாட்டில் இருப்பவர்களைவிட வெளிநாட்டில் வாழும் கேப் வெர்டே வம்சாவளியினர் அதிகம். லிஸ்பன், ரோட்டர்டாம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் என்று பரவிக் கிடக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் பல தலைமுறையாக அடுப்பெரிய வைக்கிறது. இப்போது ஆட்டக்காரர்களையும் அனுப்புகிறார்கள். தகுதிபெற்ற அணியில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கேமரூனுக்கு எதிரான அந்த ஒற்றை கோலையும் எஸ்வாட்டினிக்கு எதிரான முதல் கோலையும் அடித்த டைலன் லிவ்ரமென்ட்டோ ரோட்டர்டாமில் பிறந்தவர். சிறுவயதிலிருந்து பயிற்சி, மருத்துவம், மைதானம் என்று ஆன செலவெல்லாம் ஐரோப்பிய கிளப்புகளின் கணக்கில். டப்ளினில் பிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் ராபர்ட்டோ 'பிக்கோ' லோபஸை அப்போதைய பயிற்சியாளர் லிங்க்ட்இன் வழியாகத்தான் கூப்பிட்டார். செய்தி போர்ச்சுகீசிய மொழியில் இருந்ததால் ஏதோ குப்பைச் செய்தி என்று நினைத்து அவர் பதில் போடவில்லை; சில மாதம் கழித்து இரண்டாவது செய்தி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆள் தேடிய செலவு, இரண்டு குறுஞ்செய்தி.

இனி 2026 உலகக் கோப்பைப் போட்டி. 48 அணிகள், 12 குரூப். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடங்களோடு, மூன்றாம் இடத்தில் நிற்கும் 12 அணிகளில் சிறந்த 8 அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும். 12க்கு 8, அதாவது மூன்றில் இரண்டு. யூரோ கோப்பையில் 2016 முதல் 6க்கு 4 என்று இதே விகிதம்தான். ஆகவே 2016, 2020, 2024 ஆகிய மூன்று யூரோக்களிலும் மூன்றாம் இடம் பிடித்த 18 அணிகளை எடுத்துப் பார்த்தேன். 4 புள்ளி எடுத்தவை 8, எட்டும் தேறின. 3 புள்ளி எடுத்தவை 9, தேறியவை 4. 2024இல் செக் குடியரசு மட்டும் 1 புள்ளியோடு வீடு திரும்பியது.

அந்த ஒன்பதில் தேறிய நான்கு: 2016இல் போர்ச்சுகல், வட அயர்லாந்து, 2020இல் உக்ரைன், 2024இல் ஸ்லோவேனியா. கோல் வித்தியாசம் முறையே 0, 0, மைனஸ் 1, 0. தேறாத ஐந்தில் எதற்கும் மைனஸ் 2ஐவிட நல்ல கணக்கு இல்லை. மூன்று புள்ளியோடு நிற்கும் அணிக்கு மைனஸ் ஒன்றுக்கும் மைனஸ் இரண்டுக்கும் நடுவில்தான் கோடு விழுந்திருக்கிறது. (2016இல் மூன்று டிராவோடு இப்படித் தப்பித்த போர்ச்சுகல்தான் கோப்பையைத் தூக்கியது என்பது வேறு விஷயம்.)

கேப் வெர்டேவுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 2015 ஆப்பிரிக்கக் கோப்பையில் துனிசியாவோடு 1-1, காங்கோ ஜனநாயகக் குடியரசோடு 0-0, ஜாம்பியாவோடு 0-0. ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை, ஆனாலும் வெளியே. அதே 3 புள்ளியோடு நின்ற காங்கோ ஜனநாயகக் குடியரசு ஒரு கோல் அதிகம் போட்டிருந்தது. 2021 பதிப்பில் 4 புள்ளியோடு மூன்றாம் இடம், சிறந்த மூன்றாம் அணிகளில் ஒன்றாக உள்ளே போனார்கள். 2023 பதிப்பில் கானாவை 2-1 என்று வென்று, குரூப்பில் 7 புள்ளியோடு முதலிடம் பிடித்து, காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் பெனால்டியில் போனார்கள். பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும்: 2025 ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதிபெறவே இல்லை, தங்கள் குரூப்பில் கடைசி. 2013இல் துனிசியாவை அதன் மண்ணிலேயே 2-0 என்று வென்றும், தடையிலிருந்த ஆட்டக்காரரை இறக்கியதால் ஃபிஃபா அந்த வெற்றியைப் பறித்து 0-3 தோல்வியாக எழுதியது. 2014 உலகக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது.

இப்போதைய எதிரிகள் மூவர். ஜூன் 15, அட்லாண்டா, ஸ்பெயின். தகுதிச் சுற்றில் 6 ஆட்டத்தில் 21 கோல் போட்டு 2 வாங்கிய அணி. துருக்கியை அதன் சொந்த மண்ணில் 6-0 என்று துவைத்தது. இங்கே புள்ளியை எதிர்பார்ப்பது வீண். கணக்கில் சேரப்போவது தோல்வியின் அளவுதான். 2022இல் கோஸ்டாரிகா முதல் ஆட்டத்தில் இதே ஸ்பெயினிடம் 0-7 வாங்கியது. அடுத்த ஆட்டத்தில் ஜப்பானை வென்றும், ஜெர்மனியிடம் 2-4 தோற்ற பிறகு கையில் இருந்தது 3 புள்ளி, மைனஸ் 8. கதவு திறந்தால் மூன்று நான்கு என்று மேலே சொன்ன கவலை இதுதான்.

ஜூன் 21, மயாமி, உருகுவே. தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றில் 18 ஆட்டத்தில் 28 புள்ளி, நான்காம் இடம். ஆனால் போட்ட கோல் 22தான். ஆட்டத்துக்கு ஒன்றேகால்கூட இல்லை. கோல் விடாத அணிக்கு இப்படிப்பட்ட எதிரி பரவாயில்லை. 0-0 என்பது பேராசை அல்ல.

ஜூன் 26, ஹூஸ்டன், சவுதி அரேபியா. 2022இல் அர்ஜென்டினாவை வென்றவர்கள் என்று பயமுறுத்துவார்கள். அதே உலகக் கோப்பையில் அடுத்த இரண்டு ஆட்டமும் தோற்று, குரூப்பில் கடைசியாகப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிய மூன்றாம் சுற்றில் சவுதியின் கணக்கு: 10 ஆட்டம், 13 புள்ளி, போட்டது 7 கோல், வாங்கியது 8. பத்து ஆட்டத்தில் ஏழு கோல் போடும் அணியும், பத்து ஆட்டத்தில் ஏழில் கோலே விடாத அணியும் மோதினால் 1-0 என்ற முடிவுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த ஒரு கோலை யார் போடுவது என்பதுதான் பாக்கி.

வயதுக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. கோல்கீப்பர் வோசின்யா 1986இல் பிறந்தவர், கேப்டன் ரயன் மென்டெஸ் 1990இல். எஸ்வாட்டினிக்கு எதிராக மூன்றாவது கோலைப் போட்ட ஸ்டோபிராவுக்கு அன்று வயது 37. ஆட்டங்களுக்கு நடுவே ஆறு நாள், ஐந்து நாள் இடைவெளி இருப்பது இவர்களுக்குச் சாதகம். மயாமியின் ஜூன் வெயில் பாதகம். மாசசூசெட்ஸில் குடியிருக்கும் சொந்தங்களுக்குப் பக்கத்திலேயே, ஃபாக்ஸ்பரோவில், ஏழு ஆட்டம் நடக்கிறது. அதில் ஒன்றுகூட இவர்களுடையது இல்லை.

பணம். ஃபிஃபா 2025 டிசம்பரில் அறிவித்த பட்டியல்படி, குரூப்போடு திரும்பும் அணிக்கு 90 லட்சம் டாலர், ஆயத்தச் செலவுக்கு 15 லட்சம். ஆக 1.05 கோடி டாலர், தலைக்கு 20 டாலர். ஒரு சுற்று தாண்டினால் இன்னும் 20 லட்சம். சாம்பியனுக்கு 5 கோடி.

என் கணிப்பு: ஸ்பெயினிடம் 0-2, உருகுவேயோடு 0-0, சவுதியை 1-0. நான்கு புள்ளி, மைனஸ் ஒன்று, உள்ளே. உருகுவேயிடம் ஒரு கோல் வாங்கிவிட்டால் மூன்று புள்ளி, மைனஸ் இரண்டு. யூரோ பட்டியலில் அந்தக் கணக்கோடு தேறிய அணி இல்லை.