மாண்டலின் விரல்களுக்கு ஒரு கிட்டார்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசியில் பேச்செல்லாம் மேற்கைப் பற்றித்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிட்டதா, மலையில் மேகம் இறங்கிவிட்டதா, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா? அந்த நாட்களில் ஊரில் பெய்வதை மழை என்று யாரும் சொல்வதில்லை, சாரல் என்பார்கள். துளித் துளியாகத்தான் விழும். ஆனால் துளிக்கும் துளிக்கும் நடுவே இடைவெளி இருப்பது தெரியாது.

மாண்டலினில் ஒரு சுரம் நீள்வதும் இப்படித்தான். அதன் கம்பி ஏறக்குறைய 14 அங்குலம்தான், குடமும் சிறியது. ஒரு முறை மீட்டினால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அதனால் வாசிப்பவர் பிக்கை மேலும் கீழுமாக விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். டிரெமலோ என்று அதற்குப் பெயர். நாம் கேட்பது தொடர்ச்சி. உள்ளே இருப்பவை துளிகள்.

துளிகளைக் கோக்காமலே சுரம் தானாக நின்று ஒலித்தால் எப்படி இருக்கும் என்று மாண்டலின் வாசிப்பவருக்கு என்றாவது ஓர் ஆசை வரும். ஆனால் ஆறு கம்பிக் கிட்டாருக்குப் போனால், பழகிய விரல் வரிசை முழுவதையும் மறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்கென்றே இருப்பதுதான் டெனார் கிட்டார்.

பார்வைக்கு அது கழுத்து மெலிந்த ஒரு கிட்டார். கம்பிகள் நான்கே, மாண்டலினைப் போல இரட்டைக் கம்பி கிடையாது. கம்பியின் நீளம் சுமார் 23 அங்குலம். அமெரிக்காவில் 1920களில் இது பரவியதற்குக் காரணமே சுவையானது. மாண்டலின் வாசித்தவர்கள் பலர் அப்போது நடன இசைக் குழுக்களுக்காக, அதே போலச் சுருதி கூட்டும் டெனார் பாஞ்சோவுக்கு மாறியிருந்தார்கள். பிறகு காலம் மாறி, குழுக்கள் கிட்டாரின் மென்மையான ஒலியைக் கேட்கத் தொடங்கின. புதிதாகப் படிக்க மனமில்லாதவர்களுக்காக கிப்சன், மார்ட்டின் போன்ற நிறுவனங்கள் கிட்டாரின் உடலில் பாஞ்சோவின் நான்கு கம்பிகளைப் பூட்டிக் கொடுத்தன. 1940களில் டைனி கிரைம்ஸ் இதன் மின்சார வடிவத்தை வைத்துக்கொண்டு, ஆர்ட் டேட்டம் என்ற மாபெரும் பியானோ கலைஞருக்கு ஈடுகொடுத்து வாசித்தார்.

மாண்டலினில் ஒரு கம்பியைச் சட்ஜமாகக் கொண்டால் அடுத்த கம்பி அதன் பஞ்சமம். கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. டெனார் கிட்டாரிலும் இதே பஞ்சம உறவுதான். வரிசை மட்டும் சி, ஜி, டி, ஏ. அதாவது மாண்டலினின் மூன்று கம்பிகள் அதே சுருதியில் இங்கேயும் இருக்கின்றன. உச்சியில் இருந்த ஈ போய், அடியில் ஒரு சி வந்திருக்கிறது. மாண்டலினின் மிகத் தாழ்ந்த ஒலி நொடிக்கு 196 அதிர்வு. இங்கே அது 131 வரை இறங்குகிறது.

சுரம் தானாக நின்று ஒலிக்க வேண்டும் என்ற ஏக்கம் நமக்குப் புதிதல்ல. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014இல் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ், மாண்டலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தபோது அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இரட்டைக் கம்பியை அழுத்தி இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடுவது கடினம், கமகம் கலங்கிவிடும். அவர் ஒற்றைக் கம்பிகளுக்கு மாறினார். கீழே இறங்குவதற்கு ஐந்தாவது கம்பி சேர்த்தார். ஒலி நிற்பதற்கு மின்சார மாண்டலினை எடுத்தார். ஒற்றைக் கம்பி, கீழ் ஸ்தாயி, நிற்கும் நாதம் என்று ஸ்ரீநிவாஸ் தேடிச் சேர்த்த மூன்றும் டெனார் கிட்டாருக்குப் பிறவியிலேயே உண்டு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மாண்டலினின் கழுத்தில் குறுக்கே பதித்த முதல் மெட்டு, அதாவது ஃபிரெட், தலைப்பக்கத்திலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். டெனார் கிட்டாரில் அது 3.3 சென்டிமீட்டர். ஏழாவது ஃபிரெட் மாண்டலினில் சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளியும், இங்கே 19 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கிறது. ஒரு விரலுக்கு இரண்டு ஃபிரெட் என்று பழகிய கை இங்கே எட்டாமல் திணறும். சுண்டுவிரலுக்கு வேலை கூடும். கையையே நகர்த்தவும் பழக வேண்டும். எங்கே என்ன சுரம் என்று மனதுக்குத் தெரியும், விரல்தான் போய்ச் சேராது. முதல் சில வாரங்கள் இதுதான் பாடு. பதிலுக்கு, ஜாரு போட இடம் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போகும் வழி நீளமாக இருப்பதால், நடுவில் உள்ள நெளிவும் காதில் விழுகிறது.

டெனார் கிட்டார் எல்லாக் கடையிலும் கிடைக்காது. வீட்டில் இரும்புக் கம்பி பூட்டிய ஆறு கம்பிக் கிட்டார் இருந்தால் முன்னோட்டம் பார்க்கலாம். தடித்த ஆறாவது கம்பியையும் மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாவதையும் கழற்றிவிடுங்கள். ஐந்தாவதை ஏயிலிருந்து ஜிக்குத் தளர்த்துங்கள். நான்காவது டி, தொட வேண்டாம். மூன்றாவதை ஜியிலிருந்து ஏவுக்கு மெல்ல முறுக்குங்கள். முதல் கம்பி ஈ, அதுவும் அப்படியே இருக்கட்டும். இப்போது மடியில் இருப்பது ஒரு ஸ்தாயி கீழே இறங்கிய மாண்டலின். டெனார் கிட்டாரையே இந்தச் சுருதியில் கூட்டுபவர்களும் உண்டு. கம்பிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உறுத்தும், கழுத்தும் அகலம்தான். ஆனாலும் உங்களுக்கு இது ஒத்துவருமா என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

சாரல் காலத்தில் இந்தப் பக்கத்தில் வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரம் ஈரத்தை இழுக்கும். மேல் பலகை சற்றே உப்பி, கம்பி ஃபிரெட்டை விட்டு உயரும். அழுத்த அழுத்த விரல் நோகும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் துரு ஏறிவிடும்.

பழகுவதற்குப் பாட்டு வேண்டுமென்றால் வெளியே போக வேண்டாம். தென்காசி மாவட்டத்துச் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இருக்கிறது. முதலில் மாண்டலினில் வாசியுங்கள். அந்தத் துள்ளல் அதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். பிறகு அதையே டெனார் கிட்டாரில், பாதி வேகத்தில். அடியின் கடைசிச் சுரத்தில் உங்கள் வலக்கை பழக்கதோஷத்தில் டிரெமலோவுக்குத் துடிக்கும். ஒரே ஒரு முறை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் அந்தச் சுரம் நின்றுகொண்டிருக்கும்.