அடி வரியில் விடுபடும் நோய்

1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிக்கிள் செல் மரபணு இந்தியாவில் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய் இது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும், மலையில் இதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மரணப் பதிவேட்டை நம்பிச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் டாக்டர் படிவம் 4ஐ நிரப்புகிறார். முதல் வரியில் உடனடிக் காரணம், அடுத்த வரியில் அதை உண்டாக்கியது, அடி வரியில் எல்லாவற்றுக்கும் மூலமான நோய். 'இதயம் செயலிழந்தது' என்று மட்டும் எழுதக் கூடாதென்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. புள்ளிவிவரத்துக்குப் பெரும்பாலும் போவது அந்த அடி வரிதான். கூடலூர்ப் பக்கம் சிக்கிள் செல் உள்ள ஒரு பணியர் பழங்குடிக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். மண்ணீரல் பழுதாகி, கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்து, நிமோனியாவில் இறந்துபோகிறது. டாக்டர் நிமோனியா என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், கணக்கிலும் அது நிமோனியா சாவுதான். மலைக்கு எவ்வளவு மருந்து வேண்டும், எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று திட்டமிடுபவர் கண்ணில் அந்தக் குழந்தை படவே படாது. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

வீட்டில் இறப்பவர்கள் கதை இன்னும் மோசம். 2020இல் நாட்டில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. மற்றவர்களுக்குக் 'காய்ச்சல்', 'வயோதிகம்' என்று வீட்டார் சொன்னதுதான்.

இதற்கு வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990களில் சென்னையிலும் விழுப்புரத்திலும் இறந்த சுமார் 80,000 பேரின் வீடுகளில், மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியின் குழு விசாரித்துக் காரணம் கண்டது. காய்ச்சல் எத்தனை நாள், மூச்சு வாங்கியதா, உடம்பு இளைத்ததா என்பதுபோன்ற கேள்விகள்தான். ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகைபிடித்தல் காரணம் என்ற முடிவு அந்த விசாரணையிலிருந்து வந்தது. மலையில் கேள்விகள் மாற வேண்டும்: கண் மஞ்சளாக இருந்ததா, சின்ன வயதில் கைகால் வீங்கியதா, மூட்டுவலி அடிக்கடி வந்ததா? கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரி 'நாவா' அமைப்பும் இந்த நோயோடு பல காலமாகப் போராடுபவை. வீடு வீடாகப் போய்க் கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

2023 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தப்படி, மரணக் காரணச் சான்றின் பிரதியை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். அடி வரியில் சிக்கிள் செல் என்றிருந்தால், கூடப் பிறந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.