இடைநின்றோரும் கல்லூரியின் கடனும்

ஒரு கல்லூரியின் சிறப்பைப் பரிசளிப்பு விழாவில் வாசிக்கப்பெறும் பெறுபேற்றுப் பட்டியலைக் கொண்டு அளத்தல் மரபாகிவிட்டது. இத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினர், இத்தனை பேர் சித்தியெய்தினர் என்று அப்பட்டியல் கூறும். தோற்றாதோர் எத்தனை பேர் என்று அது கூறாது. ஆறாம் வகுப்பிற் சேர்ந்து, பரீட்சை மண்டபத்தை எட்டுமுன்னரே மறைந்துபோனோரின் தொகை அறிக்கைகளில் இடம்பெறுவது அரிது. நலிந்த மாணாக்கரை முன்கூட்டியே ஒதுக்கிவிடும் கல்லூரியின் சித்தி வீதம் உயர்ந்தே தோன்றும். ஆதலின் சேர்ந்தோருள் எத்துணைப் பேர் கல்வியை நிறைவு செய்தனர் என்பதே கல்லூரியை அளக்கும் மெய்யான அளவுகோலாம்.

இலங்கையிற் கல்வியின் வாயிலைத் திறக்கும் பணி பெரும்பாலும் நிறைவேறியுள்ளது. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இல் இலவசப் பாடநூலும், 1993 இல் இலவசச் சீருடைத் துணியும் வழங்கத் தொடங்கினர். 14 வயது வரை கட்டாயமென 1998 இல் நடைமுறைக்கு வந்த விதி, 2016 இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. ஆயினும், வாயில் திறந்திருத்தல் வேறு. உட்புகுந்தவன் வழி முழுதும் நடந்து முடித்தல் வேறு. பஸ் கட்டணமும், காலையுணவும், தந்தையின் நோயும், தாய் வெளிநாடு சென்றமையால் இளையோரைப் பேணும் சுமையும் எந்த விதியாலும் நீங்குவன அல்ல.

மாணாக்கன் ஒருவன் ஒரே நாளிற் படிப்பை விடுவதில்லை. முதலில் திங்கட்கிழமைகளில் வாரான். வந்த நாளிலும் விடுபட்ட கணக்கு விளங்காது. விளங்காமையால் நாணம் பிறக்கும். நாணத்தால் மேலும் சில நாள் வாரான். தவணைப் பரீட்சையிற் புள்ளி குறையும். ‘உனக்குப் படிப்பு ஏறாது’ என்ற ஒரு சொல் எவர் வாயிலிருந்தேனும் விழும். அதன்பின் அவன் வாராமை எவருக்கும் வியப்பளிப்பதில்லை. இங்ஙனம் படிப்படியாக நிகழும் வீழ்ச்சி இடாப்பிலே நாள்தோறும் எழுதப்பட்டே வருகின்றது. அதனை எழுதுவார் பலர், படிப்பார் சிலர்.

அவ்விடாப்பைப் படிப்பதனால் விளையும் பயனை அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் செய்த ஆய்வு புலப்படுத்துகின்றது. அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டைத் தவறாது கடந்த மாணாக்கர், அவ்வாண்டில் இடறியோரைவிட மூன்றரை மடங்குக்கு மேலாக உரிய காலத்திற் படிப்பை முடித்தனர் எனக் காட்டினர். முன்னைய வகுப்பிற் குறைந்த புள்ளி பெற்றிருந்தும் முதலாண்டில் இடறாதவர், நிறைந்த புள்ளியோடு வந்து இடறியவரை விஞ்சினர். முதலாண்டு வரவும் அவ்வாறே பழைய புள்ளியினும் சிறந்த குறியாக விளங்கிற்று. முடித்தலை நிருணயிப்பது பிறவி அறிவு மட்டும் என்னும் எண்ணத்தை இம்முடிவு தகர்க்கின்றது.

குறி கண்டபின் செய்யத்தக்கது யாது என்பதற்கு நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் தொடங்கிய திட்டம் விடையாகின்றது. வறிய மாணாக்கர் பலர் பயிலும் ஈராண்டுக் கல்லூரிகளில் அத்திட்டம் நடைபெற்றது. முழுநேரமாகப் பயிலல், ஆலோசகரை அடிக்கடி சந்தித்தல், நலிந்த பாடத்திற் துணைவகுப்புக்கு வருதல் ஆகியன மாணாக்கன் கடன். உதவிப்பணம் போக எஞ்சிய கட்டணமும், பாடநூலும், போக்குவரத்துச் சீட்டும் கல்லூரி தருவன. திருவுளச்சீட்டு முறையில் மாணாக்கரை இரு பகுதியாக்கிச் சோதித்தபோது, மூன்றாண்டிற் பட்டம் பெற்றோர் வழக்கமான பகுதியில் நூற்றுக்கு 22 பேர். திட்டத்திற் சேர்ந்த பகுதியில் 40 பேர். ஒரு மாணாக்கனுக்கான செலவு மிகுந்ததாயினும், முடித்தவர் தொகையால் வகுத்துப் பார்க்க, ஒரு பட்டத்திற்கான செலவு குறைந்தது. இவ்வுதவிகளுள் எதுவும் புதுமையானதன்று. அவை ஒருங்கே, காலத்தில், பெயரறிந்த ஒருவர் கையால் வந்து சேர்ந்தமையே புதுமை.

இவ்வழியைப் பின்பற்றப் பெருநிதி வேண்டுவதில்லை. வகுப்பாசிரியர் வாரந்தோறும் இடாப்பை நோக்கி, மூன்று நாள் தொடர்ந்து வாராதவன் வீட்டிற்கு ஆளனுப்புதல் முதற்படி. ஒவ்வோர் ஆசிரியரும் சிலரைத் தம் பொறுப்பாக ஏற்று, தவணைதோறும் தனியே உரையாடுதல் இரண்டாம் படி. உயர்வகுப்பு மாணாக்கர் கீழ்வகுப்பார்க்கு மாலையிற் கணிதம் சொல்லிக் கொடுத்தல் மூன்றாம் படி. கற்பிப்பவனும் அதனாற் கற்பான். சாதாரண தரத்தில் தவறியோருக்குத் தொழிற்பாட வழியும் 2017 இல் தொடங்கிய பதின்மூன்றாண்டு உறுதிக் கல்வித் திட்டத்தால் வகுக்கப்பட்டது. அத்தகைய வழிகளை மாணாக்கனுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைத்தலும் ஆசிரியர் கடனே.

எஞ்சியது ஊரின் கடன். நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு இல்லந்தோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் துணைசெய்தது. ஒரு பிடி அரிசி எவரையும் வறியராக்கவில்லை. பலவாகத் திரண்டு பள்ளியைத் தாங்கிற்று. அந்நெறி இன்றும் பொருந்தும். பழைய மாணவர் சங்கம் மண்டபத்திற்குத் திரட்டும் நிதியில் ஒரு பங்கைப் பஸ் கட்டணத்திற்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஒதுக்கலாம். சனசமூக நிலையம் மாலையில் விளக்கேற்றி, வீட்டிற் படிக்க இடமற்ற பிள்ளைக்கு ஒரு மேசையை அளிக்கலாம். கோயில் அன்னதானத்தின் ஒரு பகுதி பாடசாலைக் காலையுணவாகலாம். ஆயினும் ஈதல் வெளிப்படையாய் நிகழ்ந்தால், பெறுபவன் நாணி விலகுவான். உதவி பெறுவோரின் பெயர் அதிபரும் வகுப்பாசிரியரும் மட்டும் அறியத்தக்கது.

நலிந்தோரைப் பேணினால் தரம் தாழும் என்பாருமுளர். பரீட்சையை எளிதாக்குவதே தரத்தைத் தாழ்த்தும். பரீட்சை மண்டபம் வரை ஒருவனைக் கொண்டு சேர்த்தல் தாழ்த்தாது. வருங்காலப் பரிசளிப்பு விழாக்களில், சித்தியெய்தினோர் தொகையோடு, ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோர் தொகையும் இடைநின்றோர் தொகையும் அருகருகே வாசிக்கப்படுமாயின், அவ்வொரு வரி கல்லூரியையும் ஊரையும் ஒருங்கே பொறுப்பாக்கும். எண்ணப்படாதவன் தேடப்படான்; தேடப்படாதவன் திரும்பி வரான்.