கிணறும் கடவும்: பிறநாட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போகுமுன்



1926-ஆம் ஆண்டு திருத்தந்தை 11-ஆம் பயஸ் மறைபரப்பு ஞாயிறை ஏற்படுத்தினார். அன்றிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் உண்டியலில் காணிக்கை போடுகிறோம், செபிக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையே வந்து, "அம்மா, ஓராண்டு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரப்போகிறேன்" என்றால்? அப்போதுதான் நமக்குத் தூக்கம் போகிறது. படிப்பு என்னாகும், வேலை என்னாகும், திருமணம் என்னாகும் என்று கேட்கிறோம். இந்தக் கேள்விகளில் தவறில்லை. ஆனால் நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு என்னாகும்?

பதில் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிணத்துக்கடவிலிருந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடரில்தான் ஊட்டியும் இருக்கிறது. பிரான்சு நாட்டு நாந்து நகரில் பிறந்த எலேன் என்ற பெண், பாடுகளின் மரியா என்ற துறவறப் பெயருடன் 1865-இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். அங்கே எழுந்த பிணக்கினால் 1876-இல் அவரும் உடன் சகோதரிகளும் தாங்கள் சார்ந்திருந்த சபையை விட்டுப் பிரிய நேர்ந்தது. அவர்களுக்கு இடம் தந்தது அன்று கோவை மறை ஆட்சிப் பகுதியில் இருந்த ஊட்டி. 1877-இல் திருத்தந்தை 9-ஆம் பயஸ் அனுமதியுடன் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்பு சகோதரிகள் சபை பிறந்தது. அன்னைக்கு 2002-இல், அதுவும் மறைபரப்பு ஞாயிறு அன்றே, அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

அந்தச் சபையின் ஏழு சகோதரிகள் 1899-இல் சீனாவின் தையுவான் நகருக்கு அனுப்பப்பட்டார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த இளம் பெண்கள் அவர்கள். பிரான்சு, இத்தாலி, பெல்ஜியம், ஆலந்து நாட்டவர்கள். அநாதைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், புண்ணுக்கு மருந்து போடுவதும், தையல் கற்றுக்கொடுப்பதுமே அவர்கள் பணி. அவர்களுள் பெல்ஜியச் சகோதரி அமாந்தினாவை, எப்போதும் சிரிக்கும் வெளிநாட்டுச் சகோதரி என்று சீன மக்கள் அழைத்தார்களாம். மறு ஆண்டே பாக்சர் கிளர்ச்சி வெடித்தது. தப்பிச் செல்லுமாறு ஆயர் சொன்னபோதும் அவர்கள் போக மறுத்துவிட்டார்கள். 1900 சூலை 9 அன்று ஆயர்களோடும் விசுவாசிகளோடும் கொல்லப்பட்டார்கள். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புனித 2-ஆம் யோவான் பவுல் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார்.

எல்லாருக்கும் மறைசாட்சியாகும் அழைப்பு கிடைப்பதில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் பாடம் எல்லாருக்கும் உரியது: பிள்ளைகளிடம் போகிறவர்கள் அவர்களோடு தங்க வேண்டும். பெற்றோரின் அரவணைப்பு இல்லாத குழந்தை, அன்பாகப் பேசும் எவரோடும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பதினைந்து நாள் விளையாடி, புகைப்படம் எடுத்து, கண்ணீரோடு விடைபெறும் அண்ணனும் அக்காவும் நல்லவர்களே. ஆனால் அவர்கள் போனபின் அடுத்த குழு வரும், அதுவும் போய்விடும். ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை கைவிடப்படுகிறது. நம் மனநிறைவுக்காக ஒரு குழந்தை விலை கொடுக்கலாமா?

ஆகவே நம் பிள்ளைகள் புறப்படுமுன் சிலவற்றை நாம் கேட்டறிவது நல்லது. முதலாவது, அனுப்புவது யார்? தனியாகப் போகாமல் திருச்சபையின் அமைப்பு வழியாகப் போவதே முறை. சலேசிய அருள்சகோதரிகள் 1987-இல் தொடங்கிய விடெஸ் போன்ற தன்னார்வ அமைப்புகள் இதற்கென்றே உள்ளன. இரண்டாவது, அந்த நாட்டில் இப்பணிக்கு எந்த விசா வேண்டும்? நம் நாட்டுக்கு மறைப்பணிக்காக வருவோர்க்கு மிஷனரி விசா என்றே தனி வகை உண்டு. சுற்றுலா விசாவில் வந்து அப்பணி செய்ய முடியாது. மூன்றாவது, குழந்தைப் பாதுகாப்பு விதிகள் என்ன? திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட சட்டம், சிறாருக்கு இழைக்கப்படும் தீங்கை முறையிட எல்லா மறைமாவட்டங்களிலும் வழி இருக்கவேண்டும் என்கிறது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு குழந்தையோடு பூட்டிய அறையில் தனித்திருப்பதும், அனுமதியின்றிப் படம் எடுத்துப் பரப்புவதும் கூடாது. நன்னடத்தைச் சான்று கேட்டால் சினம் கொள்ள வேண்டாம். கேட்காத இடத்தைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

நான்காவதை நம் மறைமாவட்ட வரலாறே சொல்லித் தருகிறது. 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட மரியோன் தெ பிரசிலாக், இந்த மண்ணின் மக்களிலிருந்தே குருக்கள் எழ வேண்டும் என்று உழைத்தவர். மனச்சான்றின் நெருக்கடியால் 1855-இல் பதவி துறந்தாலும் பணியைத் துறக்கவில்லை. 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-இல் சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுனில் கால் வைத்த ஆறே வாரங்களில் கொள்ளைநோயால் இறந்தார். 2020-இல் அவர் வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பட்டார். வெளியிலிருந்து வருபவர் தம் தேவை குறைந்துபோகும்படி உழைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு காட்டும் வழி. உள்ளூர் ஆசிரியரின் வேலையைப் பறிக்காமல் அவருக்குத் துணை நிற்பவரே நல்ல தொண்டர்.

கிணத்துக்கடவு என்ற பெயரில் கிணறும் இருக்கிறது, கடவும் இருக்கிறது. கடவு என்றால் வழி. கடவுச்சீட்டு என்பதும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். கடவைத் தேடுமுன் கிணற்றடியைப் பார்த்தோமா? நம் நார் மில்களிலும் செங்கல் சூளைகளிலும் வட மாநிலத்துக் குடும்பங்கள் வேலை செய்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு நம் தமிழ் புரியாது. நமக்கு அவர்கள் மொழி தெரியாது. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட ஆண்டவரும் ஒரு கிணற்றடியில் வேற்றினத்தாரோடுதான் பேச்சைத் தொடங்கினார். ஓராண்டு, ஞாயிறு மாலைதோறும் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்பித்து, பத்து வார்த்தை அவர்கள் மொழியில் பேசப் பழகிய இளைஞர், கடல் கடக்கத் தயாராகிவிட்டார் என்று நம்பலாம். அதற்கு முடியாதவர் கடல் கடந்தும் என்ன செய்வார்?

எனவே பெற்றோரே, பிள்ளை புறப்படுகிறேன் என்றால் உடனே தடுக்கவும் வேண்டாம், உடனே வழியனுப்பவும் வேண்டாம். பங்குத்தந்தையோடு அமர்ந்து பேசுங்கள். இளையோரே, போகுமுன் இங்கே தங்கிப் பழகுங்கள். போனபின் அங்கே தங்கிப் பழகுங்கள். சிறியோருள் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்ளும் ஆண்டவர், நம் பிள்ளைகளையும் அவர்கள் தேடிப் போகும் பிள்ளைகளையும் ஒருசேரக் காத்தருள மன்றாடுவோம்.