நோய் தீராதபோதும் தீர்க்கத்தக்க துன்பங்கள்

பெரிய மருத்துவமனைகளில் இதயவியல், நரம்பியல் போன்ற துறைகளுக்கு இணையாக இன்று இயங்கிவரும் நோய்த் தணிப்புச் சிகிச்சைத் துறை, நோயைக் குணப்படுத்தும் பொறுப்பை ஏற்பதில்லை; அந்த நோயால் எழும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, அச்சம் முதலிய துன்பங்களைக் குறைப்பதே அதன் பணி. இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான கடைசி ஏற்பாடு என்று பொதுமக்கள் மட்டுமல்லாமல் மருத்துவர்கள் பலரும் கருதிவருவதால், வலியில் கழிக்க வேண்டியிராத மாதங்களை நோயாளிகள் வலியிலேயே கழிக்க நேர்கிறது.

செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவமும் பயின்ற சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கியபோது இத்துறையின் நவீன வரலாறு தொடங்கியது. உடல் வேதனையோடு மனக்கலக்கம், குடும்பக் கவலை, பணமுடை, வாழ்வின் பொருள் குறித்த தவிப்பு ஆகியவையும் பின்னிப் பிணைந்ததே நோயாளி அனுபவிக்கும் வலி என்று அவர் கண்டு, அதற்கு 'முழு வலி' என்று பெயரிட்டார். அங்கு சென்று பயின்ற அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள ராயல் விக்டோரியா மருத்துவமனையில் 1975இல் இதற்கெனத் தனிப் பிரிவை அமைத்து, தனி இல்லங்களில் நடந்துவந்த பணியைப் பொது மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். இந்தியாவில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் தொடங்கிய வலி நிவாரணப் புறநோயாளர் பிரிவு, கேரளம் முழுவதும் பரவிய பேரியக்கத்துக்கு வித்திட்டது.

மருத்துவமனையில் இக்குழு தானாக நோயாளியிடம் செல்வதில்லை. சிகிச்சை அளிக்கும் மருத்துவர் எழுதியனுப்பிய பிறகே வார்டுக்கு வருகிறது. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் ஆகியோர் இதில் இருப்பர். நோயாளி முதல் மருத்துவரின் பொறுப்பிலேயே தொடர, கீமோதெரபியோ டயாலிசிஸோ ஒருபுறம் நடக்க, இக்குழு அவற்றோடு சேர்ந்தே பணியாற்றுகிறது. முதல் சந்திப்பு பெரும்பாலும் நீண்ட நேரம் பிடிக்கும். வலி எங்கே, எரிச்சலா குத்தலா, இரவில் கூடுகிறதா என்பதோடு, வீட்டில் யார் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு, நோயைப் பற்றி நோயாளிக்கு எந்த அளவு தெரியும் என்பனவும் கேட்டறியப்படுகின்றன.

இத்துறையின் தேர்ச்சி மிகத் தெளிவாக வெளிப்படுவது மார்ஃபினைக் கையாளும் முறையில்தான். வலியின் கடுமைக்கேற்பப் படிப்படியாக மருந்தை உயர்த்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்டது. வலி வந்தபின் கொடுப்பதைவிட, மருந்தின் வேகம் குறைவதற்கு முன்பே, சாதாரண மார்ஃபின் மாத்திரையாயின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பதும், இடையில் திடீரென எழும் வலிக்கு ஒரு நாள் அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுப்பதும் அதன் நடைமுறை. தொடக்கத்தில் தோன்றும் குமட்டல் சில நாட்களில் அடங்கிவிட, மலச்சிக்கல் மட்டும் நீடிப்பதால், முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்து எழுதப்படுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்கும் என்பதால் ஃபென்டனில் போன்ற வேறு மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கடியில் செருகிய சிறு ஊசியின் வழியாக, கையடக்கமான பம்ப் ஒன்று 24 மணி நேரமும் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துகிறது. வலிக்கேற்ற அளவில், முறையாக உயர்த்திக் கொடுக்கப்படும் மார்ஃபின் மூச்சை நிறுத்திவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது.

எல்லாத் தீர்வுகளும் இவ்வளவு நுட்பமானவை அல்ல. மூச்சுத் திணறுபவரின் முகத்தில் படுமாறு வைக்கப்படும் சிறு மின்விசிறி அந்தத் திணறலைக் கணிசமாகத் தணிக்கிறது. அழுகிய புற்றுநோய்ப் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் குறைகிறது. நாற்றத்துக்கு அஞ்சி வாசலிலேயே நின்றுவிட்ட பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வர அதுவே போதுமானதாகிறது.

இதைவிடக் கடினமானது பேச்சு. “அவருக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று வெளியே வந்து கெஞ்சும் மகனையும், தனக்குள்ளே யாவற்றையும் அறிந்திருந்தும் மகனுக்காக மௌனம் காக்கும் தந்தையையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசவைப்பதும் இக்குழுவின் பணியே. செயற்கைச் சுவாசம் வேண்டுமா, எந்தக் கட்டத்தில் வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கீகரித்து, 2023இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கியுள்ளதால், இத்தகைய உரையாடல்களுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு.

தாமதமாக அழைப்பதால் இழப்பது எவ்வளவு என்பதை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே தணிப்புச் சிகிச்சையையும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. கடைசி நாட்களில் கடும் சிகிச்சைகளுக்கு உட்பட்டவர்களும் அவர்களில் குறைவு. அப்படியிருந்தும் வாழ்ந்த காலத்தின் இடைநிலை மதிப்பு, மற்றவர்களுக்கு 8.9 மாதங்களாக இருக்க, இவர்களுக்கு 11.6 மாதங்களாக இருந்தது. தணிப்புச் சிகிச்சைக்கு எழுதியனுப்புவது நோயாளியைக் கைவிடுவதாகும் என்று தயங்கும் மருத்துவர்கள் இந்த முடிவை ஊன்றிப் படிக்க வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் குழுவின் கவலை மாத்திரையைப் பற்றியதாகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த பலவகை உரிமங்களால் மார்ஃபின் இந்திய மருத்துவமனைகளிலிருந்தே ஏறத்தாழ மறைந்துபோய், 2014இல் வந்த திருத்தத்தால் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை எளிதாக வாங்கிவைக்க வழி பிறந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று அளிக்கும் தணிப்புச் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும், அங்கீகாரம் பெறாத ஊர் மருந்துக்கடையில் மார்ஃபின் கிடைக்காது என்பதால், அடுத்த மாத்திரைப் பட்டையை யார், எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையிலிருந்து வாங்கிவருவது என்பதைக் குடும்பத்தாரிடம் பேசி எழுதிக் கொடுத்த பின்னரே செவிலியர் நோயாளியை அனுப்பிவைக்கிறார்.