நீராவிக் குழாய்க்கு ஒரு போர்வை

அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் சாயப்பட்டறையைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுப்பது அதன் புகைபோக்கி. அதன் அடியில் கொதிகலன் இருக்கிறது. தொழிலாளர் அதைப் 'பாய்லர்' என்பர். விறகை எரித்து நீரை ஆவியாக்கி, குழாய் வழியே சாயமேற்றும் இயந்திரங்களுக்கு அனுப்புவது அதன் வேலை.

சுடுநீரையே அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 100° செல்சியசில் உள்ள 1 கிராம் ஆவி நீராக மாறும்போது 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இதுவே உள்ளுறை வெப்பம். அதே 1 கிராம் கொதிநீர் 30° வரை குளிர்ந்தாலும் தருவது 70 கலோரிதான். ஆகவே ஆவி வெப்பத்தைச் சுமக்கும் சிறந்த வண்டி. ஆனால் சுமை வழியிலேயே சிந்திவிட்டால் என்ன பயன்?

கணக்கிட்டுப் பார்ப்போம். 17 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயில் 170° வெப்பமுள்ள ஆவி செல்வதாகக் கொள்க. மூடப்படாத குழாய் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 1,300 வாட் வெப்பத்தைக் காற்றுக்கு இழக்கும். ஓர் இஸ்திரிப் பெட்டியை இரவும் பகலும் வீணே சூடாக வைத்திருப்பதற்கு இது சமம். ஒரு நாளில் இழப்பு 31 யூனிட். அதாவது சுமார் 27,000 கிலோ கலோரி. 1 கிலோ உலர்ந்த விறகு கொதிகலனில் எரிந்து ஆவிக்குத் தருவது ஏறத்தாழ 2,300 கிலோ கலோரி. எனவே ஒரு மீட்டர் குழாய் நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ விறகை விழுங்குகிறது!

இதற்கு மருந்து எளியது. குழாயின்மேல் 5 செ.மீ. கனத்துக்குக் கண்ணாடிக் கம்பளியைச் சுற்றினால், இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். புதுக் கொதிகலன் வாங்குவதோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு.

தடுப்பது கண்ணாடியன்று, அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. காற்றைவிட இரும்பு ஏறத்தாழ 2,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். காற்று அசையாமல் இருப்பதால் வெப்பச்சலனமும் நடைபெறுவதில்லை. உங்கள் ஊரில் பின்னும் பனியன் துணியின் கண்ணிகளுக்குள்ளும் இதே காற்றுதான் உள்ளது. கம்பளி நனைந்தால், காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் கடத்துவது. மழை புகாமலிருக்கவே போர்வையின்மேல் அலுமினியத் தகடு போர்த்துகிறார்கள்.

வேலை முடித்த ஆவி, சூடான நீராகிறது. அதைச் சாக்கடையில் விடாமல் கொதிகலனுக்கே திருப்பினால், உள்ளே செல்லும் நீரின் வெப்பநிலை ஒவ்வொரு 6° உயரும்போதும் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும்.

நொய்யலாற்று மாசு காரணமாக 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாயிற்று. அம்முறையின் இறுதியில், எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க ஆவி தேவை. எனவே ஆற்றைக் காக்கவும் விறகு எரிகிறது. வெப்பத்தைச் சிக்கனம் செய்வது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். மூன்று ஒரேவிதமான தம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை வெறுமனே விடுங்கள். மற்றொன்றில் உலர்ந்த பனியன் துணியைப் பல மடிப்பாகச் சுற்றுங்கள். மூன்றாவதில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். ஈரத்துணி சுற்றிய தம்ளர் விரைவில் ஆறும். அதற்குக் கடத்தல் மட்டுந்தானா காரணம்? சிந்தியுங்கள்.