காப்டன் பதவி யாருக்கு?

கிரிக்கெட் சீமான்களின் பொழுதுபோக்காயிற்றே, உழைப்பவன் படிக்கும் ஏட்டில் அதற்கென்ன வேலை என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஆலை வாசலில், ஷிப்டு முடிந்த கையோடு டீக்கடைக்கு ஓடி, "ஸ்கோர் என்ன?" என்று கேட்கிறவன் சீமானா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். ஆட்டம் எவனுடையதாகப் பிறந்தாலும் பிறக்கட்டும். ஆடுகிறவன் யார், ஆளுகிறவன் யார் என்பதல்லவா கேள்வி? அந்தக் கேள்விக்கு மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு காலத்தில் இருந்த பதில் இது: ஆடுகிறவன் கறுப்பன், ஆளுகிறவன் வெள்ளையன்! அந்தப் பதிலை மாற்றி எழுதிய காப்டன் பிராங்க் வொரல்.

1924-ல் பார்படாஸ் தீவில் பிறந்தவர் அவர். கரும்பு விளைந்த தீவு; அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த தீவு. அங்கே கிரிக்கெட் கிளப்புகளும் நிறவாரியாகப் பிரிந்து கிடந்தன. பெரிய மைதானமான கென்சிங்டன் ஓவல், வெள்ளையர் கிளப்பின் சொத்து. அந்த மைதானத்திற்கு ஒரு மைல் சுற்றளவுக்குள், ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் மூன்று கறுப்புக் குழந்தைகள் பிறந்தன: வொரல், வீக்ஸ், வால்காட். மூவரையும் ஏந்தி எடுத்தவள் ஒரே மருத்துவச்சி என்றுகூடக் கதை சொல்வார்கள். மருத்துவச்சி யாரோ, நாமறியோம். மூவரும் உலகையே அதிரவைத்தார்கள் என்பதை அறிவோம்.

1948-ல் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினார் வொரல். முதல் ஆட்டத்திலேயே 97 ரன். அதே ஆண்டின் இறுதியில் மேற்கிந்திய அணி இந்தியாவுக்குப் புறப்பட்டது. தமக்கு 250 பவுன் ஊதியம் வேண்டும் என்றார் வொரல். முடியாது என்றது கிரிக்கெட் போர்டு. அப்படியானால் நானும் வரமுடியாது என்று இருந்துவிட்டார்! கூலி கேட்டவனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்வது எந்த ஊர் முதலாளிக்கும் வழக்கந்தானே? அவரையும் அப்படித்தான் பேசினார்கள். அவரோ இங்கிலாந்தில் ராட்கிளிப் என்ற ஆலை ஊருக்கு ஆடப்போனார். வாரக் கடைசியில் தொழிலாளர்கள் பார்க்க ஆட்டம், பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படிப்பும் பட்டமும்.

போர்டு என்ன நினைத்தாலும், அவர் இல்லாமல் அணி நடக்கவில்லை. 1950-ல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 3-1 என்று வீழ்த்தியபோது, டிரென்ட் பிரிட்ஜில் வொரல் அடித்தது 261. 1957-ல் அதே மைதானத்தில் முதல் ஆளாக இறங்கி, அணி முழுவதும் ஆட்டமிழந்தபோதும் தாம் மட்டும் அவுட்டாகாமல் 191 ரன்னுடன் வெளியே வந்தார்.

இவ்வளவும் இருந்தும் காப்டன் யார்? கோடார்டு, ஸ்டால்மேயர், அட்கின்சன், அலெக்சாண்டர். வெள்ளைத் தோலும், வெளுத்த தோலுமாக ஒருவர் பின் ஒருவர். 1948-ல் ஒரே ஒரு டெஸ்டுக்கு ஹெட்லி என்ற கறுப்பு மேதையை நிறுத்திப் பார்த்தார்கள், அத்தோடு சரி. 1955-ல் ஆஸ்திரேலியா வந்தபோது வொரல், வீக்ஸ், வால்காட் மூவரும் களத்தில் இருக்க, அட்கின்சன் தலைமை தாங்கினார். அட்கின்சன் ஆடத் தெரியாதவரல்லர். அந்தத் தொடரில் ஒரே இன்னிங்சில் 219 அடித்தவர். ஆனால் அந்த மூவரையும் தாண்டி அவரை உயர்த்தியது மட்டையா, நிறமா? அலெக்சாண்டர் காப்டனாக்கப்பட்டபோது அவர் ஆடியிருந்த டெஸ்ட் பந்தயங்கள் இரண்டே இரண்டு! இடையில் வொரலைக் கேட்டோம், படிப்பைக் காட்டி அவர்தான் மறுத்தார் என்று போர்டுக்குப் பரிந்து பேசுவோர் உண்டு. இருக்கலாம். படிப்பு முடிந்து அவர் அணிக்குத் திரும்பிய பிறகும் 1960-ல் அலெக்சாண்டர்தானே காப்டன்?

இங்கேதான் ஒரு கட்சி ஏடு களத்தில் இறங்கியது. தோழர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். டிரினிடாடில் மக்கள் தேசிய இயக்கத்தின் ஏடு 'நேஷன்'. அதன் ஆசிரியர் சி. எல். ஆர். ஜேம்ஸ், மார்க்சியவாதி. அலெக்சாண்டர் போகவேண்டும், வொரல் வரவேண்டும் என்று அவர் ஓயாமல் எழுதினார். தனி மனிதர்மீது காழ்ப்பல்ல. வொரல் இருக்கும் அணிக்கு இன்னொருவர் தலைவர் என்பதே கேலிக்கூத்து என்பது அவர் வாதம். 1960 ஜனவரி 30-ந் தேதி, போர்ட் ஆப் ஸ்பெயின் மைதானத்தில் சரண்சிங் என்ற உள்ளூர் இளைஞர் ரன் அவுட் ஆனதும், கூட்டம் பாட்டில்களை மாரியாகப் பொழிந்தது. நடுவரின் தீர்ப்பு சரியானதே. பாட்டில் வீச்சு தவறே. ஆனால் காலமெல்லாம் ஓரவஞ்சனையைக் கண்ட கண், நேர்மையான தீர்ப்பையும் சந்தேகிக்கும் என்பதை ஜேம்ஸ் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில், ஆஸ்திரேலியா செல்லும் அணிக்கு வொரல் காப்டன் என்று அறிவித்தது போர்டு. ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பர் ஒருவர் காப்டனானது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 36.

பதவி வந்தது, பழி தீர்த்தாரா? இல்லை. இறக்கப்பட்ட அலெக்சாண்டர் விக்கெட் கீப்பராகக் கூடவே சென்றார். அந்தத் தொடரில் அவர் அடித்தது 484 ரன். தலைமைச் சுமை இறங்கியதும் தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார். அவர்மீது நமக்கு மதிப்பு கூடுகிறது. பார்படாஸ்காரன், ஜமைக்காக்காரன், கயானாக்காரன் என்று தனித்தனியே சாப்பிட்டவர்களை ஒரு பந்தியில் உட்கார வைத்தார் வொரல்.

1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். கடைசி ஓவர். அந்நாளில் அங்கே ஓவருக்கு எட்டுப் பந்து. ஆஸ்திரேலியாவுக்குத் தேவை 6 ரன், கையில் மூன்று விக்கெட். வெஸ் ஹால் பந்துவீசினார். பெனாட் அடித்த பந்தை அலெக்சாண்டர் பிடித்தார். ஹன்ட் எல்லையிலிருந்து எறிந்த பந்தில் கிரவுட் ரன் அவுட். இரு பக்கமும் ரன் சமம். ஒரு விக்கெட், இரண்டே பந்து. கிளைன் தட்டிவிட்டு ஓடினார். பக்கவாட்டில் நின்ற சாலமனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்டம்ப். எறிந்தார், சாய்ந்தது! டெஸ்ட் வரலாற்றிலேயே சமமாக முடிந்த முதல் பந்தயம். அந்தச் சாலமன் யார்? கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகளின் வழிவந்த கயானாக்காரர். கறுப்பரின் பந்து, பழைய காப்டனின் கையுறை, கூலி மரபினரின் குறி, எல்லாம் ஒரே ஓவரில்!

தொடரை 2-1 என்று ஆஸ்திரேலியாதான் வென்றது. ஆனால் விடைபெறும் நாளில் மெல்போர்ன் நகர வீதிகளில் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டு வழியனுப்பியது தோற்ற அணியை. அடுத்து இந்தியாவை 5-0, 1963-ல் இங்கிலாந்தை 3-1. காப்டனாக 15 டெஸ்ட், வெற்றி 9. பிறகு இளையவர் சோபர்சிடம் தலைமை சென்றது. அப்போது நிறம் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

1962 மார்ச்சில் பார்படாசில், கிரிபித்தின் பந்து இந்தியக் காப்டன் நாரி கன்டிராக்டரின் மண்டையில் தாக்கியது. உயிர் ஊசலாடிய நேரத்தில், ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களில் எதிரணிக் காப்டன் வொரலும் ஒருவர். அவரோ 1967 மார்ச் 13-ந் தேதி, 42-ம் வயதில், ரத்தப் புற்றுநோயால் மாண்டார். கல்கத்தாவில் பல ஆண்டுகளாக, பிப்ரவரி 3-ந் தேதியை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வொரல் நாளாகக் கொண்டாடி வருகிறது. அன்று அங்கே ரத்ததான முகாம் நடக்கும்.